நிலவில் இறங்கியதைக் கேட்டவர்

நிலவில் மனிதன் இறங்கியது உண்மையா பொய்யா என்று எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. அந்தக் கவலை எனக்கு ஒன்பது வயதில், லண்டன் நோர்பரியில் நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து, இரண்டு தாள் வடிவத்தில் வந்து சேர்ந்தது.

நிலவில் இறங்கி நாற்பது ஆண்டு நிறைகிறது என்று சொல்லி எங்கள் டீச்சர் ஆளுக்கு இரண்டு தாள் தந்தார். அன்று அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒருவரைக் குடும்பத்துக்குள் கண்டுபிடித்து, அதில் உள்ள பத்துக் கேள்விகளையும் கேட்டுப் பதில் எழுதி வரவேண்டும். முடிந்தால் அவரையே வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வரலாம். வகுப்பில் பாதிப் பேருக்குக் கைவசம் தாத்தாக்கள் இருந்தார்கள். யாரும் கிடைக்காதவர்கள் பயப்படவேண்டாம், அவர்களுக்கு ஜன்னலோர மேசையில் வேறு வேலை தருகிறேன் என்றார் டீச்சர். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

ஜன்னலோர மேசை, ஆங்கிலம் போதாத பிள்ளைகளுக்கு உரியது. நாங்கள் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. ஜெர்மன் தெரியும், தமிழ் தெரியும், இந்த ஊருக்குத் தேவையானது மட்டும் தெரியாது. அந்த மேசையில் ஒன்றரை வருடம் இருந்து, அந்த ஈஸ்டர் விடுமுறைக்குப் பிறகுதான் எழும்பி மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பவும் அங்கே போவதைவிடக் காய்ச்சல் வந்து படுப்பது மேல் என்று நினைத்தேன். காய்ச்சலும் வரவில்லை.

வீட்டில் விசாரித்தேன். அம்மா அப்போது பிறக்கவேயில்லை. அப்பா பெற்றோல் நிலையத்து வேலைக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, அந்தக் காலத்தில் எங்கள் இலங்கையிலேயே தொலைக்காட்சி கிடையாது, இதை உன் டீச்சரிடம் போய்ச் சொல்லு என்றார். பாரிசில் இருந்த பெரியம்மாவுக்கு அன்றைக்கு அம்மை போட்டிருந்ததாம், ஆகையால் அவருக்கு உலகத்தில் நடந்த எதுவும் தெரியாது. லண்டனிலேயே செவன் கிங்ஸில் இருந்த அப்பாவின் சிநேகிதர் ஒருவர், தான் பார்த்ததாகவும் வந்து சொல்லத் தயார் என்றும் சொன்னார். யாராவது கேட்டால் அவர் நிலவில் இறங்கியவரையும் தெரியும் என்று சொல்லக்கூடியவர் என்பதால் அப்பா அவரை ஒதுக்கிவிட்டார்.

மிஞ்சியது மாமா. அம்மாவின் மூத்த அண்ணன், எங்களோடுதான் இருந்தார். தினமும் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர்தான். மற்றப் பெரியவர்களெல்லாம் ஷிப்டுக்கு ஓடும்போது மாமா மட்டும் வீட்டில் இருந்தார். அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியாது. என்னைக் கூட்டிவருவதுதான் அவருடைய வேலை, அதற்கு யாரோ சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவருக்கு ஒரு கேஸ் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது என்ன என்று நான் கேட்டதில்லை.

கேள்வித் தாளைக் காட்டியதும் மாமா அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அயர்ன் பண்ணி மினுக்கிய சட்டை போட்டுப் பொத்தானெல்லாம் பூட்டியிருந்தார். சமையலறை மேசையில் எனக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“கேள், பிள்ளை. ஒவ்வொண்டா கேள்.”

அவருக்கு அப்போது பதினொரு வயது. காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடை வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே வானொலி. ஒரே இரைச்சல். கடை மனேச்சர் காதைக் கிட்ட வைத்து ஆங்கிலத்தைக் கேட்டு, வாசலில் நின்றவர்களுக்குத் தமிழில் சொன்னார். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அடியும் வாங்கினாராம்.

“யாரோடு இருந்தீர்கள்?” என்பது ஐந்தாம் கேள்வி.

“தம்பியோட. அவனுக்கு ஆறு வயசு.”

தம்பி என்றால் எங்கள் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு மேலே படத்தில் இருக்கும் சின்ன மாமா. அந்தப் படத்துக்கு மாலை போடுவதில்லை, போடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். மாமா அவரைப் பற்றிப் பேசி அன்றுதான் கேட்டேன். நிலவில் இறங்கிய அன்று பின்னேரம் நிலவைக் காட்டி, அவர்கள் இன்னும் அங்கே நிற்கிறார்களா, இருட்டினால் பயப்படமாட்டார்களா என்று தம்பி கேட்டதையும் சொன்னார். அதற்குத் தாளில் கேள்வி இல்லை என்று நான் எழுதவில்லை.

எனக்கு வேண்டியது தொலைக்காட்சி. “மாமா, ரீவியில பாத்தனான் எண்டு சொல்லுங்கோவன். டீச்சர் ஒண்டும் செக் பண்ண மாட்டா” என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“ஏலாது பிள்ளை. பாக்காததைப் பாத்தன் எண்டு சொல்ல ஏலாது. கேட்டனான் எண்டு எழுது.”

எழுதினேன். பத்துக் கேள்வியும் முடிந்ததும் முதலிலிருந்து வாசித்துக் காட்டச் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் “ஓம், சரி” என்று தலையாட்டினார். பிறகு பேனா கேட்டு வாங்கி, இரண்டு பக்கத்திலும் அடியில் கையெழுத்து வைத்துத் திகதி போட்டார். யாரும் கேட்கவில்லை. மாமா தன்னைப் பெரிய ஆளாக நினைத்து ஓட்டோகிராப் போடுகிறார் என்று எனக்குப் பட்டது.

முதலில் பென்சிலால் எழுதிப் பிழை திருத்தி, பிறகு பேனாவால் எழுதுவது எங்கள் வகுப்பு வழக்கம். அந்த வழக்கம் எனக்கு வசதியாகப் போயிற்று. அறைக்குப் போய், கேட்டார் என்பதை அழித்துப் பார்த்தார் என்று ஆக்கினேன், வானொலியை அழித்துத் தொலைக்காட்சி ஆக்கினேன். திரையில் என்ன தெரிந்தது என்ற கேள்விக்கு ஏணி, வெள்ளை உடுப்பு, துள்ளித் துள்ளி நடப்பது எல்லாம் எழுதினேன். அந்த வாரம் முழுக்க அந்தப் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பார்க்கப் போனால் எங்கள் குடும்பத்தில் நிலவில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரே ஆள் நான்தான், நாற்பது வருடம் பிந்திவிட்டது. மாமாவின் கையெழுத்து அடியில் அப்படியே இருந்தது.

டீச்சருக்கு நிரம்பப் பிடித்துவிட்டது. மாமாவைக் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார். நானே போய் அழைத்தேன். கூச்சப்பட்டார், ஆனால் மறுக்கவில்லை. வானொலியைப் பற்றி டீச்சர் கேட்டால் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தார். அதைப் பார்த்தபோது மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். இருந்தாலும், வந்திருப்பவரிடம் யார் துருவித் துருவிக் கேட்கப்போகிறார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து தாத்தாக்களும் ஒரு பாட்டியும் மாமாவும் சின்னக் கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஒவ்வொருவருடைய தாளிலிருந்தும் சில வரிகளை உரத்து வாசித்தார். என் தாளை எடுத்து, இவர் இலங்கையில் தன் தம்பியோடு தொலைக்காட்சியில் பார்த்தார் என்று வாசிக்கத் தொடங்கினார். மாமாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எழுந்து நின்றார்.

“நோ மிஸ். ஐ நொட் சீ. ஐ ஹியர். ஒன்லி ஹியர்.”

யாரோ ஒருவன் சிரித்தான். டீச்சர், பரவாயில்லை, அது இன்னும் சுவையான கதை என்று என்னமோ சொன்னார். மாமா கேட்கவில்லை. தாளைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பார்த்தார் என்று இருந்த இடத்தை வெட்டி மேலே கேட்டார் என்று எழுதினார். தொலைக்காட்சியை வெட்டினார், ஏணியை வெட்டினார், வெள்ளை உடுப்பை வெட்டினார். வெட்டிய ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் சங்கக்கடைக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் கடைசியில் கை தட்டினார்கள். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை, “நான் கையெழுத்து வச்ச தாளல்லோ பிள்ளை” என்றார். எனக்கோ, பள்ளிக்கூடத் தாளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று ஆத்திரமாக இருந்தது. விசயம் அறிந்து அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்கமாட்டேன் என்று நின்றேன். மருமகளுக்காக ஒரு பொய், அதுவும் இத்துணூண்டு பொய் சொல்ல மனமில்லாத மனுசன் என்று எல்லோரிடமும் சொல்லி அழுதேன். அப்போது மாமா அந்த இடத்தில்தான் நின்றார்.

டீச்சர் என்னை ஜன்னலோர மேசைக்கு அனுப்பவில்லை. ஆனால் மாமாவோடு நடக்க நான் விரும்பவில்லை. விடுமுறை வரும் வரைக்கும் நான் முன்னால் போவேன், அவர் பத்தடி பின்னால் என் பையையும் சுமந்துகொண்டு வருவார். தவணை முடிவில் தாள்களைத் திருப்பித் தந்தபோது என்னுடையதைச் சமையலறைக் குப்பை வாளிக்குள் போட்டேன்.

மாமாவுக்கு விசா கிடைக்க அதற்குப் பிறகும் பல வருடம் சென்றது. போன வருடம் அவருடைய குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க உட்கார்ந்தேன். பழைய திகதிகள் தேவைப்பட்டன. நீலக் கோப்பு ஒன்றை எடுத்துத் தந்தார். அதில், நாங்கள் லண்டனுக்கு வருவதற்கு முன்பு அவருடைய முதல் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் இருந்தது. தம்பியைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டதாகப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள், நேரில் விசாரித்தபோது வீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்து சத்தத்தை மட்டும் கேட்டதாகச் சொல்கிறீர்கள், ஆகவே உங்களை நம்புவதற்கில்லை என்று அதில் எழுதியிருந்தது.

யார் மாமா உங்களுக்கு அந்தப் படிவம் நிரப்பியது என்று கேட்டேன்.

“ஒரு அண்ணை. நல்ல மனுசன். கண்டதெண்டு போட்டாத்தான் கேஸ் நிக்குமெண்டு எனக்காகத்தான் எழுதினவர். நான்தான் வாசிப்பிச்சுக் கேக்காமக் கையெழுத்து வச்சிட்டன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, வெட்கமாக இருந்தது. கோப்பைப் புரட்டினேன். படிவத்தில் உள்ளதைத் திருத்த வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதிய கடிதங்களின் பிரதிகள் இருந்தன. கையெழுத்திட்ட பிறகு சொல்லப்படும் திருத்தங்களை ஏற்க முடியாது என்ற பதில்களும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால், அதே பிளாஸ்டிக் உறைக்குள், ஓரத்தில் கறி படிந்த என்னுடைய இரண்டு தாள்களும் இருந்தன. வெட்டுகளும் சின்னக் கையெழுத்துகளும் அப்படியே இருந்தன. அவர் வெட்டி எழுதிய ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில், டீச்சர் சிவப்புப் பேனாவால் சரி போட்டிருந்தார். அந்தக் கோப்பு முழுவதிலும் மாமாவின் திருத்தத்தை ஏற்றுக்கொண்ட தாள் அது ஒன்றுதான்.