பிள்ளையார் இருந்த இரண்டு துளைகள்

கதிர்காமநாதன் அந்தக் காருக்கென்று முதலில் வாங்கியது எஞ்சினும் இல்லை, சில்லும் இல்லை. பெருவிரல் உயரத்தில் ஒரு பித்தளைப் பிள்ளையார். வெறுங்கூடாக வந்திறங்கிய காரின் டாஷ்போர்டில் இரண்டு துளை போட்டு, அவரைத் திருகி இருத்திய பிறகுதான் மற்ற வேலையில் கை வைத்தார்.

எழுபதுகளில் ஒஸ்ரேலியத் தெருக்களை அதிரவைத்த இரண்டு கதவுக் கார் ஒன்றின் அச்சு அசலான நகல் அது. நீண்ட மூக்கு, அகன்ற பின்சில்லு, எட்டுச் சிலிண்டர். டண்டினோங்கில் ட்ரெயிலர் செய்யும் இடத்தில் வெல்டிங் வேலை பார்க்கிற மனிசன், ஐந்து வருஷமாகச் சனி ஞாயிறென்றால் கராஜுக்குள்தான். ஆவணிச் சதுர்த்தியன்று அதைத் தானே ஓட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போவதாக நேர்த்தி வைத்திருந்தார். ஆனால் வீட்டில் கட்டிய கார் என்பதால், பொறியியலாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்காமல் கார் தெருவில் இறங்க முடியாது.

சதுர்த்திக்கு இரண்டு கிழமை இருக்கச் சடகோபன் என்ற பொறியியலாளர் வீட்டுக்கு வந்தார். தமிழ்நாட்டுக்காரர். காருக்கடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

“வெல்டிங் யாரு பண்ணது?”

“நான்தான் ஐயா.”

“ரொம்ப சுத்தமா இருக்கு சார்.”

கதிர்காமநாதனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு சடகோபன் உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

“இந்தப் பிள்ளையார எடுத்துடணும் சார்.”

“அவர்தான் முதல் வந்தவர் ஐயா. அவரைச் சுத்தித்தான் மிச்சக் காரைக் கட்டினனான்.”

“நானும் கும்பிடுறவன்தான். ஆனா வண்டி எங்கயாவது மோதினா உங்க தலை நேரா இவர்மேலதான் இடிக்கும். இவர் இங்க இருக்கிறவரைக்கும் கையெழுத்துப் போட முடியாது.”

மூன்று நாள் கதிர்காமநாதன் திருகாணியைத் தொடவில்லை. கராஜில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். நாலாம் நாள் மனைவி இரஞ்சிதம் தேத்தண்ணியோடு வந்தாள்.

“என்ன, ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?”

“இருத்தின ஆளை எப்பிடியப்பா எழுப்புறது?”

“வருஷா வருஷம் தேரிலை ஏத்துறம், இறக்குறம். அவர் கோவிச்சவரே? அஞ்சு வருஷம் உங்களோடை நிண்டு வேலை பாத்தவர். இனிச் சாமியறையிலை இருந்து இளைப்பாறட்டும்.”

கதிர்காமநாதன் எழும்பிப் போய்க் குளித்துவிட்டு வந்தார். கற்பூரம் கொளுத்தி, ஆயுதப் பெட்டிக்கும் காருக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய இடத்தில் மூன்று தோப்புக்கரணம் போட்டார். பிறகு திருகாணியைக் கழற்றிப் பிள்ளையாரைச் சாமியறையில் கொண்டுபோய் வைத்தார். துளைகளை மட்டும் அடைக்கவில்லை.

மறு கிழமை சடகோபன் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தார். காரைப் பதிவு செய்ய வேண்டியதையும் செய்து முடித்தார்கள்.

சதுர்த்திக் காலையில் கார் மலையடிவாரத்துக்குப் போகிற தெருவில் ஏறியது. இரஞ்சிதம் பக்கத்தில் இருந்தாள். எஞ்சின் உறுமியது. அதன் ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வருகிறதென்று கதிர்காமநாதனின் கைக்குத் தெரியும். வாழ்நாளில் எத்தனையோ கார் ஓட்டியிருக்கிறார். இப்படி மெதுவாக, ஆறுதலாக ஒருநாளும் ஓட்டியதில்லை.

கோயில் வாசலில் கூட்டாளி இரத்தினசிங்கம் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“வடிவாத்தான் இருக்கு. எண்டாலும் அசலில்லை, கொப்பிதானே, காணும்?”

“ஓம். கோயிலுக்குள்ளை இருக்கிற பிள்ளையாரைச் செதுக்கின ஆச்சாரி மட்டும் அவரை நேரிலை பாத்தே செதுக்கினவர்?”

இரத்தினசிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஐயர் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்துவிட்டு, “சந்தனம் எங்கை வைக்கிறது?” என்று கேட்டார்.

கதிர்காமநாதன் கதவைத் திறந்து அந்த இரண்டு துளைகளைக் காட்டினார்.