பிடுங்க முடியாத வயர்

மாமாவின் மின்சாரக் காரில் முன்பக்கம் ஒரே ஒரு சாக்கெட்தான் உண்டு. ஒரு காலத்தில் சிகரெட் பற்றவைப்பதற்காக வைத்த அதே வட்டத் துளை. முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவின் வயர் அதில்தான் செருகியிருக்கும். பயணி யாராவது, "அண்ணா, போன் செத்துப்போச்சு, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?" என்றால் மாமா கேமராவைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்துவிடுவார். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

அவர் என் அம்மாவின் தம்பி. வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் அவர் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். பாதி ஆயுள் டீசல் டாக்சி ஓட்டியவர், போன வருடம்தான் மின்சார வண்டிக்கு மாறினார். சத்தமே போடாமல் வந்து நிற்பதால் ஸ்டாண்டில் அவருக்கு 'சைலன்சர்' என்று பெயர் வைத்தார்கள். "சைலன்சரே இல்லாத வண்டிக்கு நீதான்யா சைலன்சர்" என்று யாராவது கத்தினால் மாமா சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவார். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் காலை, பின்சீட்டில் இருந்த பெண்ணுக்காகக் கேமராவைப் பிடுங்கினார். அடுத்த சிக்னலில் வண்டியை எடுத்தபோது, ஒரு அம்மாள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்கும் வேலை, விடிகாலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வண்டி வரும் சத்தம் கேட்கவில்லை, திரும்பவும் இல்லை. வண்டி அவரை இடித்துத் தள்ளியது. பெரிய வேகமெல்லாம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் விழுந்த இடத்தில் நடைபாதையின் கல் விளிம்பு இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

ஆஸ்பத்திரி நடையில் அவருடைய மகன் மாமாவிடம் வந்தான். அழவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை.

"எங்கம்மா நடக்கறப்போ உங்களுக்குச் சிவப்பா, பச்சையா?"

"பச்சைப்பா. பச்சை விழுந்தப்புறம்தான் எடுத்தேன். என் பிள்ளை மேல சத்தியமா."

அவன் கொஞ்ச நேரம் மாமாவின் முகத்தையே பார்த்துவிட்டுப் போனான். நம்பினானா என்று தெரியவில்லை.

சிக்னல் கம்பத்தில் இருந்த போலீஸ் கேமரா வேலை செய்யவில்லை. பின்சீட்டுப் பெண் சார்ஜில் கிடந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சாட்சி இல்லாததால் வழக்கு நிற்காது என்று வக்கீல் தைரியம் சொன்னார். விசாரணை முடியும்வரை வண்டி ஓட்டத் தடையும் இல்லை. ஸ்டாண்டில் மட்டும் சைலன்சர் என்று கூப்பிடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அதுவாக நின்றுபோனது.

மாமாவுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. கேமராவுக்கு யாரும் பிடுங்க முடியாத இடத்திலிருந்து கரண்டு வேண்டும்.

"அதே சிக்னல்ல தினமும் போறேன். நான் எப்படி ஓட்டுறேன்னு அது படம் பிடிக்கட்டும். விசாரணையில போட்டுக் காட்டுறேன். அந்தப் பையன்கிட்டயும் காட்டுறேன்."

"ஆள் போனப்புறம் கேமரா வெச்சு என்ன ஆகப்போகுது?" என்றாள் அத்தை. அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை.

சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள். வெளி ஆள் வயரிங்கில் கை வைத்தால் வாரண்டி போய்விடும், நாங்கள் வைத்தாலும் போய்விடும் என்றான் கவுன்ட்டரில் இருந்தவன், சிரிக்காமல். மாமா வண்டியை ஒரு வயரிங்காரரிடம் கொண்டுபோனார். அவருக்கு 'ஷாக் அண்ணன்' என்று பெயர். ஆங்கிலத்தில் இருந்த வண்டிக் கையேட்டைப் படித்துச் சொல்வதற்காக நானும் போனேன்.

ஷாக் அண்ணன் பானெட்டைத் திறந்து, தடித்த ஆரஞ்சு வயரைக் காட்டினார். "இதைத் தொட்டா நான் ஷாக் அண்ணன் இல்ல, போட்டோவுல இருக்கற அண்ணன். இந்தப் பக்கம் யாரும் வராதீங்க."

பிறகு ஓரத்தில் இருந்த சின்ன பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்டு இருக்கும் ஒரு ஃப்யூஸில் கேமராவை இணைத்தார். "இனி ராப்பகலா முழிச்சிருக்கும், போங்க."

முழித்துத்தான் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் வண்டிக் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் சார்ஜ் வழிய வழிய இருந்தது. ஆனால் அதை எழுப்பிவிடுவது அந்தச் சின்ன பேட்டரிதான், அதைக் கேமரா உறிஞ்சிக் காலி செய்திருந்தது. மாமா பூட்டிய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், தேர் நகரலையா?" என்றார். மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஷாக் அண்ணன் வந்து தலையைச் சொறிந்தார். "பெட்ரோல் வண்டி புத்தியில பண்ணிட்டேன் சார். அதுல இருக்கற பேட்டரி குண்டு, தாங்கும். இது நோஞ்சான்."

மதியம்வரை ஒவ்வொரு ஃப்யூஸாக மீட்டரை வைத்துப் பார்த்தார். வண்டியை ஆன் செய்யச் சொல்வார், ஆஃப் செய்யச் சொல்வார், முணுமுணுப்பார். கையேட்டில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் கூசினால் உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடி தானாகவே மங்கிக்கொள்ளுமாம். அப்படியானால் அதற்கு ஒரு வயர் வர வேண்டும். ஷாக் அண்ணன் கூரை ஓரத்தை நெம்பிப் பார்த்தார். வயர் இருந்தது. வண்டி ஓடினால் கரண்டு உண்டு, நிறுத்தினால் இல்லை. கேமராவுக்கு வேண்டிய அளவுக்குக் குறைக்க ஒரு சின்ன டப்பாவை நடுவில் வைத்து, எல்லாவற்றையும் கூரைத் துணிக்குள் மறைத்து மூடினார்.

"இப்ப யாராலயும் பிடுங்க முடியாது" என்றார். மாமா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். விபத்துக்குப் பிறகு அவர் முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் என் லேப்டாப்பை வைத்து அந்த வாரத்துப் பதிவுகளைப் போட்டோம். அந்தச் சிக்னல் வரும் இடங்களை மட்டும் தேடி எடுத்தேன்.

திங்கட்கிழமை. வண்டி நிற்கிறது. எதிரே சிவப்பு விளக்கு. வண்டி நகர்கிறது. பிறகு பச்சை.

"திரும்பப் போடு."

திரும்பப் போட்டேன். நகர்ந்தது, பிறகு பச்சை.

"கேமராவுல கலர் லேட்டா தெரியுதோ என்னவோ."

செவ்வாய்க்கிழமையைப் போட்டேன். அடுத்ததையும் போட்டேன். எல்லா நாளும் அப்படித்தான் இருந்தது. பச்சை வருமுன் ஒரு கார் நீளம் வண்டி முன்னே போயிருந்தது. வெள்ளிக்கிழமைப் பதிவில், வண்டிக்கு முன்னால் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு ஆள் துள்ளி விலகி, கையை ஓங்கித் திட்டிவிட்டுப் போனார். மாமாவுக்கு அது நினைவிலேயே இல்லை.

மேஜைக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தேன். திரையில் சிவப்பு இருக்கும்போதே மாமாவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவரும் குனிந்து அதைப் பார்த்தார்.

"பக்கத்து ரோட்டுக்கு மஞ்சள் விழுந்ததும் கிளட்ச விட்டு ஆக்சிலேட்டர மிதிப்பேன்" என்றார், யாரிடமோ பேசுவதுபோல. "டீசல் வண்டி அது. முக்கி முனகி நகர்றதுக்குள்ள நமக்குப் பச்சை வந்துடும். எத்தனை வருஷம்... இது முனகாதும்மா. தொட்டதும் போயிடுது."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அன்னிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது மாமா என்று சொல்லியிருக்கலாம். லேப்டாப்பை மூடினேன்.

அத்தை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "இத அழிச்சிடு" என்றாள் என்னிடம். மாமாவிடம் திரும்பினாள். "யாராவது கேட்டாங்களா? இது அன்னிக்கு எடுத்ததும் இல்ல. வக்கீலே வழக்கு நிக்காதுன்னு சொல்றாரு. நீங்களா எதுக்குப் போய்த் தலையைக் கொடுக்கணும்?"

"பிள்ளை மேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அது எனக்கும் பிள்ளைதான்."

சோறு ஆறிப்போயிற்று.

விசாரணைக்கு நானும் உடன் போனேன். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே நாலைந்து நாற்காலி போட்ட அறை. எதிர் நாற்காலியில் இறந்த அம்மாளின் மகன். அதிகாரி பழைய வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "பச்சை விழுந்த பிறகு எடுத்ததா சொல்லியிருக்கீங்க. அதேதானே?" என்றார். ஆமாம் என்று சொன்னால் போதும், எழுந்து போய்விடலாம்.

"அத மாத்தணும் சார்" என்றார் மாமா. மெமரி கார்டை மேஜைமேல் வைத்தார். "அன்னிக்கு என்ன விளக்குன்னு எனக்கு நிஜமாத் தெரியல. ஆனா என் கால் எப்பவும் முந்திக்குது. இதுல இருக்கு, பாருங்க."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். மாமா அந்த அம்மாளின் மகன் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அன்னிக்குச் சத்தியம் பண்ணீங்களே" என்றான் அவன். "அத நம்பி, எங்கம்மாதான் பார்க்காம நடந்துட்டாங்கன்னு இத்தனை நாளா அவங்களத் திட்டிட்டு இருந்தேன்."

எழுந்து வெளியே போனான். கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை.

மாமாவின் லைசன்ஸ் போயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. அத்தை அவரோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். போன மாதம் வண்டியை ஒரு இளம் டிரைவர் வாங்க வந்தான். உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தவன், "கேமரா ஒட்டியிருக்கு, வயரையே காணோமே. கரண்டு எங்கேருந்து வருது?" என்றான்.

மாமா வெளியே நின்றபடியே கையை நீட்டி, பின்பார்வைக் கண்ணாடிக்கு மேலே அந்த இடத்தைக் காட்டினார்.

"சாக்கெட்டு பக்கத்துலயே இருக்கே. அதுலயே போட்டுக்கலாமே?"

"வேணாம் தம்பி" என்றார் மாமா. "யாராவது போனுக்குச் சார்ஜ் கேப்பாங்க."