குளிரும் இழுப்பும்

என் தங்கை சபாவுக்குச் சிறுவயதில் இழுப்பு உண்டு. பனி விழுந்தால் மூச்சு விசிலடிக்கும். அம்மா மடியில் சாய்ந்தபடியேதான் பாடம் படிப்பாள். நான் பத்தாவதோடு உத்திரமேரூர் பஜாரில் எங்கள் பாத்திரக் கடைக்கு வந்துவிட்டேன். அவள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தாள், முதல் வகுப்பில்.

2005-இல் பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்கு ஆராய்ச்சி இடம் கிடைத்தது.

"இன்னா வேல?" என்றார் அம்மா.

"அணுவ ரொம்ப ரொம்ப குளிர வெக்கணும்மா. அப்பறம் இழுப்பு எவ்ளோ கீதுன்னு அளக்கணும்."

பூமி எதையும் கீழே இழுக்கிறதே, அந்த இழுப்பை அவள் சொன்னாள். அம்மாவுக்குத் தெரிந்த இழுப்பு ஒன்றுதான்.

"உனக்கே இழுப்பு. ஐஸ் பேக்டரில குந்திக்கினு ஊர் இழுப்ப அளக்கப் போறியா? வேணாம்."

எவ்வளவு விளக்கியும் அம்மா இறங்கிவரவில்லை. சபா எதிர்த்துப் பேசவில்லை, சாப்பாடுதான் குறைந்துபோயிற்று. அதைப் பார்த்த பிறகு அம்மா, "அந்த ரூம நான் பாக்கணும். குளுருச்சுன்னா கையோட இட்டாந்துடுவேன்" என்றார்.

மூவரும் போனோம். அம்மா ஊரிலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

சுதா என்ற மூத்த மாணவி கதவைத் திறந்தார். மேசை நிறையக் கண்ணாடிகள், லேசர்கள். அறையில் ஏசி இதமாக ஓடியது, அவ்வளவுதான். அம்மா ஸ்வெட்டரைக் கழற்றினார்.

"குளுரு எங்கம்மா?"

காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட சின்னக் கண்ணாடிப் பெட்டி ஒன்றைச் சுதா காட்டினார். "இதுக்குள்ள மட்டுந்தான் ஆன்ட்டி. கடுகைவிடச் சின்ன அணு மேகம். குளிர் வெளிய வராது."

திரையில் அந்த மேகம் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. படத்துக்குப் படம் கொஞ்சம் கீழே இருந்தது. சபா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சூடா இருந்தா ஒவ்வொரு அணுவும் ஒரு பக்கம் ஓடும்மா. நல்லா குளிர்ந்தா எல்லாம் சேந்து ஒண்ணு மாதிரி ஆயிடும். அப்ப புடிய வுட்டா, கலையாம எப்டி கீழ வுயுதுன்னு பாக்கலாம்."

"எதுவானாலும் வுயத்தான போவுது?"

"வுயும். இவ்ளோ சின்னதும் கல்லு மாதிரியே வுயுதான்னு பாக்கணும். எங்கனா துளி வித்தியாசம் இருந்தா, புஸ்தகத்தையே மாத்தணும்."

அம்மா திரையைப் பார்க்கவில்லை. நிறுத்தாமல் பேசுகிற மகளின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சுதாவிடம் திரும்பினார்.

"ஹாஸ்டல்ல மீன் போடுவாங்களா?"

"எப்பவாச்சும். நல்லாருக்காது ஆன்ட்டி."

"அப்ப மாசாமாசம் இவன் கருவாடு கொண்டாந்து குடுப்பான்" என்று என்னைக் காட்டினார்.

சபா சட்டென்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"லேப்புக்குள்ள மட்டும் வேணாம் ஆன்ட்டி" என்றார் சுதா.