குரல்பெட்டியோடு படுவான்கரைக்கு

வியாழன், காலை 6.40. களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு முன்னால் பஸ் என்னை இறக்கிவிட்டது. கொழும்பிலிருந்து அம்பாறை, கல்முனை வழியாகப் பதினொரு மணி நேரம். வழியில் ஆறு சோதனைச் சாவடிகளில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் மறுபடி ஏறினேன். தொண்ணூறுகளின் பிற்பாதி அது, போர்க்காலம். கிழக்குக்குப் போய்வந்தவரிடம் அந்த நாட்களில் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை தரம் இறங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

பையில் இருந்தவை: மாற்றுடுப்பு இரண்டு, ஆணி கழற்றும் திருப்புளி ஒன்று, குறிப்புப் புத்தகம், வேலைத்தலத்தில் தந்த கடிதம், துவாயில் சுற்றிய ஒட்டுப்பலகைப் பெட்டி. அந்தப் பெட்டிக்காகத்தான் பயணம். விரித்த பாடப் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரியது. மேலே உள்ளங்கை அகலத்தில் எட்டு அழுத்திகள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனத்தைப் பதியலாம். அழுத்தினால் பெட்டி அதைச் சொல்லும். மின்சாரம் போனாலும் பதிந்த குரல் அழியாது. வாய்பேச முடியாத, விரலும் சொன்னபடி கேட்காத ஒரு பிள்ளைக்காக, கொழும்பில் நான் வேலைசெய்த மின்னணுப் பட்டறையில் மூன்று மாத மாலைகளில் செய்தது.

அந்தப் பிள்ளை சுகந்தி. வயது ஒன்பது. வாவியின் மேற்குக் கரையில் ஒரு கிராமம். அவளைப் பற்றி எனக்கு எழுதியவர் அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் படிப்பிக்கும் கமலா ரீச்சர். சந்தையடியில் குடையோடு நின்றிருந்தார். தேத்தண்ணி வாங்கித் தந்து, விஷயத்தை நடக்கத் தொடங்குமுன்னே சொல்லி முடித்தார். சுகந்தி ஒரு மாதமாக வகுப்பில் பின்வரிசையில் இருக்கிறாள், பேர் மட்டும் வரவு இடாப்பில் இல்லை. பேரைக் கூப்பிட்டால் பதில் சொல்லாத பிள்ளையை எப்படிப் பதிவது என்று பள்ளிக்கூட அதிபர் கேட்கிறார். பதில் சொன்னால் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை இடாப்பை முடித்து அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டுதான். அப்போது வயது கூடிவிட்டது என்பார்கள்.

"நாளைக்கு," என்றார் ரீச்சர். "ஒருக்காத்தான் கூப்பிடுவார்."

காலை 8.15. சந்தையிலிருந்து குருமண்வெளித் துறைக்கு ஓட்டோவில் வந்தோம். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீற்றர், நாற்பது ரூபாய். துறையில் சோதனைச் சாவடி. இந்தக் கரைக்கு எழுவான்கரை என்று பெயர், சூரியன் எழும் பக்கம். எதிரே தெரிவது படுவான்கரை, அது சாயும் பக்கம். இரண்டுக்கும் நடுவில் வாவி கண்ணாடிபோலக் கிடந்தது. இரண்டு கரைகளையும் இரண்டு தரப்பார் வைத்திருந்தார்கள். அக்கரைக்கு எதைக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்று நீண்ட பட்டியல் இருந்தது. பட்டியல் போடுகிற பழக்கம் உள்ளவள் நான், அதை மட்டும் கேட்டு வாங்காமல் வந்திருந்தேன்.

இளம் சிப்பாய் ஒருவர் துவாயை விரித்தார். வயர் தெரியும் பெட்டியைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். நான் கையை மெதுவாக நீட்டி முதல் அழுத்தியைத் தொட்டேன்.

"எனக்குப் பசிக்கிறது," என்றது பெட்டி, என் குரலில்.

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிப்பாய் அரைகுறைத் தமிழில் என்ன சொன்னது என்று கேட்டார். ரீச்சர் சிங்களத்தில் சொன்னார். பிள்ளையைப் பற்றியும் சொன்னார். சிப்பாய் உள்ளே போய் ஒரு மேலதிகாரியை அழைத்து வந்தார். அதிகாரி எட்டு அழுத்திகளையும் ஒவ்வொன்றாக அழுத்திக் கேட்டார். தண்ணீர் வேண்டும், நோகிறது, வெளியே போக வேண்டும் என்று பெட்டி அடக்கமாகக் கேட்டுக்கொண்டே வந்தது. கடைசியில் பெட்டி போகலாம் என்றார். அதற்குள் இருக்கும் நாலு பற்றரியும் போக முடியாது.

திருப்புளியால் நானே மூடியைக் கழற்றி நாலையும் மேசையில் வைத்தேன். அவர் அவற்றைக் கடதாசியில் சுற்றி, என் பெயரை எழுதி, மேசை லாச்சியில் போட்டார். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் செருப்பைப் பூட்டிக்கொண்டிருந்தபோது முதலில் பார்த்த சிப்பாய் வந்து ஒரு பணிஸ் துண்டைத் துவாயின்மேல் வைத்துவிட்டுப் போனார். பெட்டிக்குத்தான் தந்தார் என்று நினைக்கிறேன்.

9.30. இந்தப் பக்கத்தில் வாகனமும் ஆட்களும் ஏறிக் கடக்கும் மிதவைக்குப் பாதை என்று பெயர். ஐந்து ரூபாய். இரண்டு உழவு மெசின், பதினைந்து சைக்கிள், ஒரு கன்றுக்குட்டி, நாங்கள். நீரோரக் கன்னாப் புதர்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்திருந்தன. ரீச்சரிடம் பற்றரியைப் பற்றிக் கேட்டேன். அங்கே எந்தக் கடையிலும் இல்லை என்றார். கரண்டும் இல்லை. மூன்று மாதம் செய்த பெட்டியை ஒரு பலகைத் துண்டாக அக்கரை சேர்க்கிறேன் என்று தோன்றியது. ரீச்சர் பணிஸைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தந்தார்.

"வடிவேல் இருக்கார். பாப்பம்," என்றார்.

11 மணி. மண்டூர் இறங்குதுறையிலிருந்து, ரீச்சர் மிதிக்க, சைக்கிள் பாரில் ஏழு கிலோமீற்றர், இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல் வட்டை. கிராமத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். சுகந்தி வாசலில், கால் வெட்டித் தாழ்த்திய ஒரு கதிரையில், பழஞ்சேலையால் இடுப்போடு கட்டப்பட்டு இருந்தாள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண்கள் மட்டும் நேராக வந்து என்னில் நின்றன. ஓம் என்றால் மேலே பார்ப்பாள், இல்லை என்றால் கீழே. அந்த வீட்டுக்கு வந்த ஐந்தாவது நிமிடத்தில் அது எனக்கும் பழகிவிட்டது.

அவளுடைய அம்மா புஸ்பத்திடம் எட்டு அழுத்திகளையும் காட்டி, எது எதைச் சொல்லும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"தண்ணி, பசி, நோவு... இதெல்லாம் அவட முகத்தப் பாத்தாலே எனக்குத் தெரியும் பிள்ள. ஒம்பது வருசமாப் பாக்கன். நான் இல்லாத இடத்தில பேசத்தான் அவவுக்கு ஒண்டு வேணும்."

குறிப்புப் புத்தகத்தில் அந்த எட்டு வசனங்களையும் மூன்று மாதம் முன்பு நான்தான் எழுதினேன். எட்டிலும் ஒரு நோயாளி இருந்தாள். ஒரு மாணவி இல்லை. கோடு போட்டு எட்டையும் வெட்டினேன்.

பிற்பகல் 2 மணி. வடிவேல் புஸ்பத்தின் அண்ணன். சந்தியில் சைக்கிள் திருத்தும் கொட்டில் வைத்திருக்கிறார். நான் பற்றரி கதையைச் சொல்லி முடிக்குமுன்னே கொட்டிலின் மூலையைக் காட்டினார். ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளின் டைனமோவிலிருந்து வயர் போய் ஒரு பழைய றேடியோவில் முடிந்தது. செய்தி நேரத்தில் ஒருவர் மிதிப்பார், மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். ஊரில் எல்லாருக்கும் முறை உண்டாம். மிதிக்கிறவர் களைத்தால் செய்தி நடுவில் நின்றுவிடும். முக்கியமான செய்திக்கு நல்ல கால் உள்ளவரைத்தான் ஏற்றுவார்களாம்.

டைனமோ மின்சாரத்தை நேரே கொடுத்தால் பெட்டி கெட்டுவிடும். அதைச் சீராக்க நாலு டயோட்டு வேண்டும் என்றேன். வடிவேல் செத்த றேடியோ ஒன்றைத் தட்டிக் கழற்றிக் கொடுத்தார். வேகமாக மிதித்தால் அழுத்தம் ஏறி உள்ளே எரிந்துபோகுமே என்று கவலைப்பட்டேன்.

"அதுக்கு லைற் பல்ப்பக் கழட்டாம விடுங்க. கூடுறத அது குடிச்சிரும்."

பல்கலைக்கழகத்தில் இதை ஒரு பக்கச் சமன்பாட்டோடு படித்திருந்தேன். அவருக்கு அது ஒரு வசனம். அடுப்புக் கரியில் கம்பியைச் சூடாக்கி ஈயம் வைத்தோம். புஸ்பம் சுகந்தியைக் கதிரையோடு கொட்டிலுக்குக் கொண்டுவந்தார். வடிவேல் மிதித்தார், பல்ப் மஞ்சளாக எரிந்தது, சுகந்தியின் கையைப் பிடிக்காமல் நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அவளுடைய வலக்கை ஒரு பெரிய வட்டம் போட்டு, தவறி, திரும்பி, விழுந்தது. எனக்குப் பசிக்கிறது என்று பெட்டி சொன்னது. அவள் கீழே பார்த்தாள்.

இல்லை. பசிக்கவில்லை.

அதுதான் அவள் என்னோடு நடத்திய முதல் உரையாடல்.

மாலைவரை வசனம் தெரிவுசெய்தோம். ஒவ்வொன்றாகச் சொல்வோம், அவள் மேலே பார்த்தால் எழுதுவேன். முதலாவது, "இருக்கன் சேர்." பிறகு ஓம், இல்ல, திரும்பச் சொல்லுங்க, எனக்கும் விளங்கிட்டு, என்னையும் சேருங்க. ஏழாவதாக, உற்றுப் பார்க்கிறவர்களுக்கு, "என்ன பாக்கிறீங்க?" குரல் கொடுத்தது வடிவேலின் மகள் தர்சினி, வயது எட்டு, சுகந்தியின் வகுப்பு. பதிவதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் அப்பா மிதிக்க மிதிக்கத்தான் மகள் பேசினாள். எல்லா வசனத்துக்கும் பின்னால் சைக்கிள் சங்கிலி மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்.

எட்டாவது மட்டும் வெறுமையாக இருந்தது. நாங்கள் சொன்ன எதற்கும் சுகந்தி மேலே பார்க்கவில்லை. பயிற்சியில் அவள் கை சரியாக விழுந்த பல தடவை பெட்டி பேசாமல் கிடந்தது. காரணம், வடிவேல் கதைக்கத் தொடங்கினால் மிதிப்பதை மறந்துவிடுவார். ஐந்தாவது தடவையும் அப்படி நடந்தபோது புஸ்பம், மகள் சொல்வதுபோல, சும்மா பகிடியாகச் சொன்னார்: "பிழை என்ட இல்ல, மாமாட."

சுகந்தியின் கண்கள் கூரைக்குப் போய் அங்கேயே நின்றன. உடம்பெல்லாம் சிரித்தது. வடிவேல் முறைத்தார்.

"உனக்காக மிதிக்கிறவனுக்கே பேச்சா புள்ள?"

அதையும் அவரே மிதித்துத்தான் பதிய வேண்டியிருந்தது.

வெள்ளி, காலை 7.30. பள்ளிக்கூடம் அரைச் சுவரும் கிடுகுக் கூரையும். வடிவேல் சைக்கிளை வெளியே சுவரோரம் ஸ்டாண்டில் ஏற்றி, வயரைச் சுவருக்கு மேலால் உள்ளே விட்டார். சட்டையை மாற்றி, தலைவாரி வந்திருந்தார். சுகந்தியின் கதிரையைக் கமலா ரீச்சர் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். புஸ்பம் உள்ளே வரவில்லை. தான் இல்லாத இடத்தில் மகள் பேச வேண்டும் என்று கேட்டவர் அவர்தானே. மாமரத்தடியில் நின்றார்.

அதிபர் இடாப்போடு வந்தார். ஒடிசலான, கண்ணாடி போட்ட மனிதர். பெட்டியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், சுவருக்கு மேலே தெரிந்த வடிவேலின் தலையைப் பார்த்தார். பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். இருபத்திரண்டு பெயர்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ணுவதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. பிறகு பேனையை எடுத்து, தாளின் கடைசி வரியில் வைத்தார்.

"சுகந்தி."

சுகந்தியின் கை எழுந்து, வட்டம் போட்டு, முதல் அழுத்தியில் சரியாக விழுந்தது.

சத்தம் இல்லை.

கை மறுபடி எழுந்து மறுபடி விழுந்தது. இல்லை. அதிபர் பேனையைத் தூக்கினார். நான் பெட்டியைப் பார்க்கவில்லை, வெளியே பல்ப்பைப் பார்த்தேன். அணைந்திருந்தது. மருமகளின் பேரைக் கேட்டதும் வடிவேல், கோயிலில் பூசை மணி கேட்டவர்போல, மரியாதையாக மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்து நின்றார்.

சுகந்தி கழுத்தைத் திருப்பினாள். அது அவளுக்கு எவ்வளவு பெரிய வேலை என்று முதல் நாள் பார்த்திருந்தேன். சுவருக்கு மேலே மாமாவைக் கண்ணால் பிடித்து, அசையாமல் பார்த்தாள். முதலில் தர்சினிதான், சுகந்தியின் குரலாகவே, சொன்னாள், பிறகு இருபத்திரண்டு பேரும்:

"மிதிங்க மாமா!"

சங்கிலி கடகடத்தது. பல்ப் எரிந்தது. கை வட்டம் போட்டது.

"இருக்கன் சேர்."

அதிபர் பேனையைத் தாளில் வைத்தார். எழுதத் தொடங்குமுன் கை இன்னொரு முறை எழுந்தது, இம்முறை வலது ஓரத்துக்கு.

"பிழை என்ட இல்ல, மாமாட."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, நாளாந்தம் யார் மிதிப்பது என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். தான்தான் என்றார் வடிவேல். காலையில் கடை திறக்க எட்டரை ஆகும், அதுவரை. எட்டரைக்குப் பிறகு? இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன. அதிபர் அந்தக் கைகளை உயர்ந்தபடியே விட்டுவிட்டு, மையால் எழுதினார். இருபத்து மூன்றாவது பெயர். நான் எட்டிப் பார்த்தேன், அழகான எழுத்து.

சனி, காலை 9 மணி. வடிவேல் என்னைச் சைக்கிளில் இறங்குதுறைக்குக் கொண்டுவந்து விட்டார். வழிநெடுகப் பகல் வெயிலில் முன்விளக்கு எரிந்துகொண்டே வந்தது. டைனமோவைச் சில்லிலிருந்து விலக்கிவிடலாமே, மிதிக்க லேசாக இருக்குமே என்றேன்.

"பழகட்டும், தங்கச்சி. திங்கக்கிழமை நிப்பாட்டப்படாதே."

எழுவான்கரையில் சாவடி லாச்சியிலிருந்து கடதாசிச் சுருள் வந்தது. என் பெயர், உள்ளே நாலு பற்றரியும். இளம் சிப்பாய் பெட்டி எங்கே என்று கையால் கேட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது என்றேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தலையாட்டினார்.

நான் திருகோணமலையில் பிறந்தவள். அங்கும் வாழ்க்கையில் பாதி, வெளிச்சம் வரும்வரை காத்திருந்ததுதான். ஆனால் வெளிச்சம் வரும் திசையில் ஒரு ஆள் நின்று மிதிப்பதை நான் பார்த்ததில்லை. கொழும்பில் சுவிச்சைத் தட்டுகிறோம், அந்தப் பக்கம் யார் என்று தெரிவதில்லை. அக்கரையில் ஒரு பிள்ளை பேசினால் யார் வியர்க்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரியும். பிழையைக்கூட அவர் தலையில்தான் போடுகிறாள்.

கல்முனை பஸ்ஸில் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். குரல்பெட்டி, தேவையான பொருட்கள் என்ற பக்கத்தில் கடைசி வரி, பற்றரி நாலு. அதைக் கோடிட்டு வெட்டினேன். மேலே எழுதினேன்: மாமா ஒன்று.