கோர்ட்டில் வராத ‘நான்’

‘நான்’ என்ற சொல்லின் பூர்வீகம் எனக்குக் கொஞ்சம் தெரியும். பழைய தமிழில் அது ‘யான்’. மலையாளத்தில் ‘ஞான்’, கன்னடத்தில் ‘நானு’, தெலுங்கில் ‘நேனு’. எல்லாம் ஒரு வயிற்றில் பிறந்தவை என்று, நான் டீச்சர் வேலைக்குப் படித்த மிஷன் பள்ளியில் பண்டிதர் சொன்னார். சம்ஸ்கிருதத்தில் ‘அஹம்’; அதிலிருந்துதான் அகங்காரம் வந்ததாம். இங்கிலீஷில் ஒற்றை எழுத்து. வாக்கியத்தில் எந்த மூலையில் கிடந்தாலும் அதைப் பெரிய எழுத்தாகத்தான் எழுதவேண்டும். வெள்ளைக்காரனுக்குப் பொருத்தமான ஏற்பாடு என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

பண்டிதர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். எங்கள் திருவிதாங்கூரில் இந்தச் சொல்லை எல்லோரும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட முடியாது. அவருக்குத் தெரியாததல்ல. அவர் வீட்டு முற்றத்திலும் அப்படிச் சொல்லாத ஆட்கள் கைகட்டி நின்றிருப்பார்கள்.

நிலத்துக்கு உடையவரை நாங்கள் ஏமான் என்போம். ஏமான் முன்னால் என் அப்பா ‘நான்’ இல்லை, ‘அடியன்’. அப்பா குடியிருப்பது வீடு இல்லை, குப்பை மாடம். உண்பது சோறு இல்லை, கரிக்காடி. உனக்கு என்ன இருக்கிறது என்று ஏமான் கேட்டால், எல்லாம் ஏமானுக்கு உள்ளது என்று சொல்லவேண்டும். பாட்டன் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, ஞாயிறுதோறும் சட்டை போட்டுக் கோயிலுக்குப் போன குடும்பம் எங்களுடையது. ஆனால் கோயிலை விட்டு இறங்கி ஏமான் வீட்டு வழியில் திரும்பியதும் அப்பா சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்.

வீட்டில் அந்த மனிதரைப் பார்க்கவேண்டும். நான் சொன்னா சொன்னதுதான், நான் கொண்டுவந்தாத்தான் இங்க அடுப்பு எரியும் என்று நாள் முழுக்க ஒரே நான்தான். அம்மாவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

எங்கள் புரையிடம், அதாவது வீடும் அதைச் சுற்றிய தோட்டமும், திருவட்டாற்றுக்குத் தெற்கே ஒரு சரிவில் இருந்தது. அப்பா வரும்போது அது வெறும் பாறையும் முள்ளும். ஓடையிலிருந்து மண் சுமந்து போட்டு, தென்னை வைத்து, வாசலில் ஒரு பலாவும் வைத்தார். வருஷம் தவறாமல் ஏமானுக்குக் குத்தகைப் பாட்டம் அளந்தார். பழைய ஏமான் செத்ததும் மகன் ஏமானானான். இவன் எங்கள் காவல்காரன், வைத்த மரமெல்லாம் எங்களுடையது, இறங்கிப் போகச் சொல்லுங்கள் என்று அவன் கோர்ட்டில் வழக்குப் போட்டான்.

எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு இளம் வக்கீல் வழக்கை ஏற்றுக்கொண்டார். எழுத்தாக எதுவும் கிடையாது. அப்பாவின் வாய்தான் சாட்சி. மண் சுமந்தது நான், மரம் வைத்தது நான், பாட்டம் கொடுத்தது நான் என்று கூண்டில் ஏறித் தெளிவாகச் சொன்னால் போதும், இடம் கையை விட்டுப் போகாது என்றார். எங்கள் முற்றத்திலேயே உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பார்த்தார். அப்பா வெளுத்து வாங்கினார். கடைசியில் வக்கீலே, போதும் பாட்டையா, கொஞ்சம் அடக்கி வாசியும் என்று சொல்லவேண்டி வந்தது. அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

கோர்ட்டில் ஏமான் முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தான். அவன் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவன். அப்பா கூண்டில் ஏறினார், வேதபுத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தார், திரும்பினார், அவனைப் பார்த்தார். அவ்வளவுதான். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது. முதுகு வளைந்தது. கை வாய்க்கு வந்தது.

மரங்களை வைத்தது யார், இடம் யாருடையது என்று ஜட்ஜி கேட்டார்.

“எல்லாம் ஏமானுக்கு உள்ளது. அடியனுக்கு ஒரு குப்பை மாடம் உண்டு, அம்புடுதான்” என்றார் அப்பா.

எங்கள் வக்கீல் எழுந்து, அது மரியாதைக்குச் சொல்லும் பேச்சு, எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும் என்று மன்றாடினார். சாட்சி சொல்வதைத்தான் எழுதமுடியும் என்று ஜட்ஜி சொல்லிவிட்டார். அவர் திருவிதாங்கூரின் வடக்குப் பக்கத்திலிருந்து வந்தவர். அங்கே இந்த வழக்கம் எங்களைவிட ஒரு பிடி கூடுதல். தெரியாமல் எழுதினார் என்று நான் ஒருநாளும் நம்பமாட்டேன்.

எழுதியது இங்கிலீஷில். நகல் வந்தபோது வாசித்தேன். அப்பா சொன்ன அடியனைக் காணோம். அந்த இடத்தில் பெரிய எழுத்தில் ‘ஐ’ நின்றது. எனக்கு ஒன்றும் சொந்தமில்லை என்று நான் ஒப்புக்கொள்கிறேன், என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். வாழ்நாளில் கோர்ட்டு அப்பாவுக்குத் தந்த ஒரே ‘நான்’ அதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

வழக்குத் தோற்று, சித்தப்பா வீட்டின் பின்புறம் ஒரு ஓலைச் சாய்ப்பில் குடியேறினோம். அம்மா கோழிகளைக் கொண்டுவந்தாள். அவையும் இரண்டு நாள் பழைய இடத்துக்கே ஓடின. அப்பா வீட்டில் அதிகாரம் செய்வதை விட்டுவிட்டார். எனக்கும் அம்மாவுக்கும் சிரிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அடுத்த மழைக்காலம் கழிந்து ஏமான் ஆளனுப்பினான். வாசல் பலாவை வெட்டுகிறார்கள், அந்த மரத்தின் சாய்மானம் அப்பாவுக்குத்தான் தெரியும், வந்து வெட்டிக்கொடுக்கவேண்டுமாம். அப்பா போனார். எனக்கு மனம் கேட்கவில்லை, பின்னாலேயே போனேன்.

கோடாலியை நீட்டினார்கள். அப்பா வாங்கவில்லை. துண்டு தோளிலேயே கிடந்தது.

“இது நான் வச்ச மரம். நான் வெட்டமாட்டேன்.”

சத்தம் பெரிதாக இல்லை, ஆனால் அங்கே நின்ற எல்லோருக்கும் கேட்டது. அடிப்பான் என்று நினைத்தேன். ஏமான் கோபப்படக்கூட இல்லை. வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, உண்மையாகவே யோசனை சொல்கிறவன் மாதிரி அப்பாவிடம் சொன்னான்:

“இதைக் கோர்ட்டில வச்சுச் சொல்லியிருந்தா, புரையிடம் ஒனக்குல்லா கெடைச்சிருக்கும்.”