மருந்துத் தொட்டி ஓரத்து நாற்காலி

டத்தோ கிராமாட்டில் எங்கள் சந்து முனையில் விடியும் முன்னே ஒரு பஸ் வந்து நிற்கும். பாயான் லெப்பாஸில் புதிதாக வந்த எலெக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் போகிற பஸ். அதில் ஏறுகிற பெண்களுக்கு ஊர் வைத்த பெயர் 'மினா காரான்'. காரான் என்றால் மலாயில் மின்சாரம். மினா மலாய்ப் பெண்களுக்கு வைக்கிற பெயர். கரண்டு வேலைக்குப் போகிற மினா என்று கேலி. காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் அதைப் பாட்டாகவே பாடுவார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறிவிடுவேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவள் நான், நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆளும் இல்லை. இந்த வயதில் இதை எழுதுவதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே நான் பார்த்த வேலையை நினைத்தால் எனக்குப் பெருமை. ஒருமுறையாவது எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் வேலை தங்கக் கம்பி ஒட்டுவது. கம்பி என்றால் தலைமுடியைவிட மெல்லியது, வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, கைப்பிடியை மெல்ல நகர்த்தி, எள்ளை விடச் சின்னதான சிலிக்கான் சில்லில் ஒரு முனையை ஒட்ட வேண்டும். மறுமுனையைச் சில்லுக்கு வெளியே இருக்கும் உலோகக் காலில் ஒட்ட வேண்டும். நடுவில் கம்பி வில் மாதிரி வளைந்து நிற்க வேண்டும். படுத்துவிட்டாலும் ரிஜெக்ட், ரொம்ப எழும்பினாலும் ரிஜெக்ட். கால்குலேட்டருக்குள்ளும் ரேடியோவுக்குள்ளும் போய் உட்காரப்போகிற சாமான். நான் ஒட்டினால் வளைவுகள் எல்லாம் ஒரே உயரத்தில், வரிசையாக நிற்கும். யாரிடமும் சொன்னதில்லை. நானே பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

மற்றதெல்லாம் சிரமம்தான். ஏர்கான் குளிர் எலும்பில் இறங்கும். சில்லுக்காகத்தான் அந்தக் குளிர், நமக்காக இல்லை. கண்ணில் நீர் வடியும். கழிவறைக்குப் போக வரிசைக்கு ஒரே ஒரு அட்டைதான், அது திரும்பி வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நாளைக்கு இத்தனை தட்டு சில்லு என்று டார்கெட் இருந்தது. முடித்த தட்டில் அவரவர் நம்பர் சீட்டை வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்கு வாழ வந்த பெண்ணை நான்தான் அங்கே சேர்த்துவிட்டேன். அவள் புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை போயிருந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான். வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, இன்னும் கன்பர்ம் ஆகவில்லை, வேலை நிரந்தரமாகவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் என் காதோரம் குனிந்தாள்.

"அக்கா, எனக்குத் தள்ளிப் போயிருக்கு."

"நெசமாவா?"

"ஆமாங்க்கா. யார்கிட்டயும் சொல்லிராதீங்க. இப்ப தெரிஞ்சா வெளிய அனுப்பிருவாங்க."

"நான் யார்கிட்டடி பேசியிருக்கேன், சொல்றதுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் பயந்தது சரிதான். கன்பர்ம் ஆன பிறகு பிள்ளை உண்டானால் லீவு கொடுப்பார்கள். அதற்கு முன்னால் என்றால், டார்கெட் குறைகிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கோ டார்கெட் குறைந்துகொண்டே வந்தது. அவள் நாற்காலி மருந்துத் தொட்டி ஓரத்தில் இருந்தது. சாமான்களைக் கழுவுகிற மருந்து அது, வாடை நேராக மண்டைக்கு ஏறும். அவள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் தலை சுற்றும், வாயைப் பொத்திக்கொண்டு அந்த அட்டைக்குக் காத்திருப்பாள்.

என் பக்கத்தில் உட்காரும் மலாய் அக்காவுக்கு ஒருவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாலு பிள்ளை பெற்றவள், பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். எங்கள் வரிசைப் பெண்கள் மாதாமாதம் கூட்டு கட்டுவோம். எல்லாரும் பணம் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது. கூட்டுக்குத் தலைவி அந்த அக்காதான். சாப்பாட்டு நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பணத்துல கூட்டு போடுறோம்லா. தட்டுல போட்டா என்ன? முதல் எடுப்பு இந்தப் பிள்ளைக்கு."

அப்படித்தான் தட்டுக் கூட்டு ஆரம்பித்தது. டார்கெட்டுக்கு மேல் யார் செய்தாலும் அந்தத் தட்டில் இவள் நம்பர் சீட்டை வைத்துவிடுவோம். ஆளுக்கு ஆள் முறை. என் முறை வந்த நாள்களில் நான் இன்னும் கவனமாக ஒட்டினேன். அதுதான் வினையாகப் போனது.

எங்கள் லீடர் ஒரு சீனப் பெண். எங்களைப் போலக் கம்பி ஒட்டி மேலே வந்தவள், எங்களிடம் மலாயில் பேசுவாள். ஒரு நாள் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். குனிந்து பார்த்தேன். என் கம்பிகள். தட்டின் ஓரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நம்பர்.

"இது யார் வேலை?"

நான் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் வேலை. இந்த வளைவு இந்த வரிசையில உனக்கு மட்டும்தான் வரும். எனக்குத் தெரியாதா?"

பயந்துபோனேன். அந்தப் பயத்துக்குள்ளேயே, என் கையை ஒருத்தி அடையாளம் கண்டுவிட்டாளே என்று மனசு துள்ளியதும் உண்மை.

"அடுத்த வாரம் மேனேஜர் அவ பின்னால நின்னு பாத்துதான் கன்பர்ம் பண்ணுவாரு. அன்னிக்கும் நீ போய் ஒட்டுவியா?"

அதுவரை அந்த இடத்தில் நான் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த சந்தை மலாயில், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"அவ கை நல்ல கை. அந்த இடம்தான் ஆகல, வாடை. என் இடத்த அவளுக்குக் கொடுங்க. நான் அங்க உக்காந்துக்கறேன்."

"உனக்கு மட்டும் அந்த வாடை மல்லிகைப் பூவா?"

"பழகிரும்."

"யாருக்கும் பழகாதுலா. நான் அங்க உக்காந்திருக்கேன்." தட்டை என் பக்கம் தள்ளினாள். "சரி, மாறிக்கோ. ஆனா தட்டு கொடுக்கிற வேலை இன்னியோட நிக்கணும்."

மாறிக்கொண்டோம். எனக்குப் பழகத்தான் இல்லை. வீட்டுக்குப் போனாலும் தலைமுடியில் அந்த வாடை இருக்கும், நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். கைக்குட்டையில் எலுமிச்சைத் தோலை முடிந்து வைத்துக்கொண்டேன். சில்லில் தூசி படாமலிருக்க அத்தனை ஏற்பாடு செய்தவர்கள், அந்தத் தொட்டிக்கு ஒரு மூடி போட்டிருக்கலாம். எங்கள் மூக்கைப் பற்றி யாருக்கும் யோசனை வரவில்லை. ஆனாலும் என் டார்கெட் ஒரு நாளும் குறையவில்லை. என் வளைவும் சாயவில்லை.

என் பழைய நாற்காலியில் அவளுக்கு முதல் இரண்டு நாள் ரிஜெக்ட்தான் விழுந்தது. பிறகு தட்டுகள் சேர ஆரம்பித்தன. மலாய் அக்கா ஓரக்கண்ணால் பார்த்து, மேசைக்கடியில் விரலை நீட்டி எனக்கு எண்ணிக்கை காட்டுவாள்.

மேனேஜர் வந்த அன்று அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். வரிசையில் எல்லாரும் கண்ணை வேலையிலும் காதை அங்கேயும் வைத்திருந்தோம். அவள் கைப்பிடி நகரும் சத்தம் சீராகக் கேட்டது. அவர் தட்டை எடுத்து லீடரிடம் கொடுத்தார். லீடர் மைக்ரோஸ்கோப்பில் நிதானமாகப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் போய்விட்டார்.

"கன்பர்ம்" என்றாள் லீடர்.

என் பக்கத்து வீட்டுத் தங்கச்சி எழுந்து நின்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது தாங்கவில்லைபோலும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "லீடர், எனக்கு வயித்துல பிள்ளை!" என்றாள்.

"தெரியும்லா! சும்மா இருக்கிற பொண்ணு யாராவது கேன்டீன்ல அச்சார் ஊறுகாய வெறுமனே வழிச்சுத் தின்னுவாளா? உக்காரு, டார்கெட் முடியல."

மலாய் அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு, எல்லார் கையும் ஆடிப்போனது. அந்தக் கொஞ்ச நேரம் எங்களில் ஒருத்தி கம்பியும் ஒழுங்காக நிற்கவில்லை. என் தட்டிலும் ரிஜெக்ட் விழுந்தது. அது ஒன்றுக்கு மட்டும் நான் வருத்தப்படவே இல்லை.