சடையன் கண்டுபிடித்த ஓரா மீன்

சடையன் இறந்துவிட்டார் என்ற செய்தி, நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில்தான் உங்களுக்குப் பாடம் நடத்திய எனக்கும் வந்தது. நம் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். கல்வராயன் மலையில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். எல்லோரும் "நல்ல மனிதர்" என்று எழுதினீர்கள். நானும் எழுதினேன். அது போதாது.

ராமேஸ்வரம் சுற்றுலாவிலிருந்து ஐஸ் பெட்டியில் ஒரு மீன் கொண்டுவந்தீர்களே, நினைவிருக்கிறதா? பவளப்பாறைப் பக்கம் பிடித்தது, முள்ளில் விஷம் என்று மீனவர் எச்சரித்தாராம். நான் பூச்சிகளைப் படித்தவன், மீன் எனக்கு அரைகுறை. முள்ளை மட்டும் பார்த்துவிட்டு, "தேள்மீன். சின்ன மீன்களைப் பிடித்துத் தின்னும்" என்று அடித்துச் சொன்னேன். பாட்டிலில் ஒட்டப் பெயர்ச்சீட்டும் எழுதினேன்.

பாட்டிலில் போடுவதற்காக வயிற்றைக் கீறிய சடையன் தயங்கினார்.

"கொடலு ஆட்டுக் கொடலாட்டம் நீளமா சுருட்டிக்கினு கெடக்குதுங்க சார். உள்ள பூரா பச்ச. இது மேயற ஜாதிங்க."

அதோடு விடவில்லை. "ஆடு மேயலன்னா எங்க மலையில செடி மூடிக்கும்ங்க. இது மேயலன்னா கடல்ல பாறைய பாசி மூடிக்கும்ங்களா?"

அருமையான கேள்வி. நான் சொன்ன பதில்: "இது லேபா, கறிக்கடையா?"

நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார்.

வீட்டில் புத்தகத்தைப் புரட்டினேன். அது ஓரா மீன், பாசி மேய்வது. இத்தகைய மீன்கள் மேயாவிட்டால் பாசி படர்ந்து பவளம் செத்துப்போகும். மறுநாள் நீங்கள் வருமுன் சீட்டை மாற்றி ஒட்டினேன். வகுப்பில், "மறுபடி ஆராய்ந்து பார்த்தேன்" என்றேன். சடையனின் பெயரைச் சொல்லக் கௌரவம் விடவில்லை. பெரிய கௌரவம்! புதுச் சீட்டைப் பார்த்து அவர் சொன்னது, "ஓராங்களா? நல்ல பேருங்க."

துக்கத்துக்கு மலைக்குப் போனேன். அவர் மனைவி அழுகைக்கிடையே என்னை உறவினர்களுக்குக் காட்டினார்.

"இவர்தான் அந்த சாரு. கொடலப் பாத்தே மீனு பாசி மேயறதுன்னு கண்டுபுடிச்சவரு. எங்க வூட்டுக்காரரு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினே இருப்பாரு."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

கண்டுபிடித்தவர் சடையன். அவருடையதாக என்னிடம் இருப்பது, அவரே எனக்குத் தந்துவிட்டுப் போன அந்தப் பெருமை ஒன்றுதான். வரும் கருமாதியன்று அதே உறவினர்கள் முன் இதைச் சொல்ல வேண்டும். அன்று சிரித்தவர்களில் யாராவது என்னோடு வாருங்கள். தனியாகப் போனால் மறுபடியும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.